பெறுபேற்றுத் தாளின் கீழே இருக்கும் அந்த நம்பர்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளிவந்த ஒவ்வொரு தடவையும் எமது காரியாலயத்து வாசலில் பெற்றோர் வந்து நிற்பது வழக்கம். முன்பெல்லாம் கையில் ஒரு தாள் இருக்கும். இப்போது பிள்ளையின் கைத்தொலைபேசியில் ஒரு படம் இருக்கிறது. "ஐயா, மூணு எழுத்து இருக்கு, அது வெளங்குது. கீழ புள்ளி வச்சு ஒரு நம்பர் இருக்கே, அது என்னாங்க?" என்று கேட்பார்கள்.

அந்த நம்பர்தான் இஸட் புள்ளி. பல்கலைக்கழகத்துக்கு எடுப்பதா இல்லையா என்று தீர்மானிக்கும்போது ஏ, பி, சி என்ற எழுத்துகளை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. இந்த நம்பரைத்தான் பார்க்கிறார்கள். இதை நாமும் சரியாக விளங்கிக்கொள்ளாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. அதனால் ஒரு பிள்ளைக்கு நேர்ந்த நட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் எமது பகுதியில் ஒரு தோட்டத்திலிருந்து ஒரு தகப்பன் வந்தார். பெக்டரியில் வேலை. மனைவி கொழுந்து எடுப்பவர். மகள் வர்த்தகப் பிரிவில் பரீட்சை எழுதி ஒரு பியும் இரண்டு சியும் எடுத்திருந்தாள். "ஏ ஒண்ணுகூட இல்லீங்க. கெம்பஸ்ல எடுக்க மாட்டாங்கதானே?" என்றார். நாமும் எழுத்தைப் பார்த்தோம். கீழே இருந்த நம்பரைப் பார்க்கவில்லை. "அடுத்த வருஷம் இன்னொரு தரம் எழுதட்டும்" என்று சொல்லி அனுப்பினோம். அவர்கள் விண்ணப்பமே போடவில்லை. மாதக்கணக்கில் கழித்து வெட்டுப்புள்ளி வெளியானபோது, நுவரெலியா மாவட்டத்தில் முகாமைத்துவப் பாடநெறி ஒன்றுக்குக் கடைசியாக எடுத்த பிள்ளையின் நம்பரைவிட இவளுடைய நம்பர் கூடுதலாக இருந்தது. விண்ணப்பம் போட்டிருந்தால் போயிருப்பாள். அடுத்த வருடம் மறுபடி எழுதினாள், நம்பர் குறைந்துவிட்டது. தகப்பனிடம் போய் நடந்ததைச் சொன்னோம். "பரவாயில்லைங்க ஐயா, ஒங்களுக்கும் தெரியாதுதானே" என்றார். அவர் கோபப்பட்டுப் பேசியிருந்தால்கூட நமக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆகவே இந்த நம்பர் எப்படி வருகிறது என்பதை நிதானமாகப் பார்ப்போம். கணக்கு என்றதும் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கொழுந்து நிறுக்கிற தராசு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஒரு நாள் அக்கா ஒருவர் நல்ல மலையில் 25 கிலோ எடுக்கிறார். அன்றைக்கு அந்த மலையில் எல்லோருமே ஏறக்குறைய 25 கிலோதான். தங்கச்சி ஒருவர் காய்ந்துபோன மலையில் 16 கிலோ எடுக்கிறார். அந்த மலையில் மற்றவர்கள் 10, 11 கிலோவுக்கு மேல் எடுக்கவில்லை. தராசு சொல்வது 25 பெரிது, 16 சிறிது என்று. ஆனால் யாருடைய கை கெட்டிக்காரக் கை என்று கேட்டால் லயத்தில் உள்ள எல்லோருமே தங்கச்சியைத்தான் காட்டுவார்கள். கிலோவை மட்டும் பார்த்தால் நியாயம் கிடைக்காது, அந்த மலையில் மற்றவர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

பாடங்களும் மலைகளைப் போலத்தான். ஒரு பாடத்தில் நாடு முழுக்க எழுதிய பிள்ளைகளின் சராசரி 55 ஆக இருக்கும். இன்னொரு பாடத்தில் 36 ஆக இருக்கும். இந்தச் சராசரியை இடை என்கிறார்கள். பிள்ளையின் மார்க்கிலிருந்து இடையைக் கழிப்பதுதான் முதல் வேலை.

இரண்டாவது வேலை கொஞ்சம் நுணுக்கமானது. ஒரு மலையில் எல்லோரும் 17க்கும் 19க்கும் இடையில் எடுக்கிறார்கள். அங்கே ஒருவர் 22 எடுத்தால் அது பெரிய காரியம். இன்னொரு மலையில் ஒருவர் 8, ஒருவர் 30 என்று ஏற்றத்தாழ்வாக எடுக்கிறார்கள். அங்கே 22 எடுப்பதில் அதிசயமில்லை. மார்க்குகள் இடையைச் சுற்றி எவ்வளவு தூரம் பரந்து கிடக்கின்றன என்பதை ஓர் எண்ணாகச் சொல்வதுதான் நியம விலகல். கழித்து வந்த மிச்சத்தை இந்த நியம விலகலால் பிரித்தால் அந்தப் பாடத்துக்கான இஸட் புள்ளி வந்துவிடும். மூன்று பாடங்களுக்கும் இப்படி எடுத்துக் கூட்டி மூன்றால் பிரிப்பார்கள். அதுதான் தாளில் நான்கு தசம தானத்தோடு இருக்கும் நம்பர்.

எண்களோடு ஒரு தரம் செய்து பார்ப்போம். இந்த எண்கள் விளக்கத்துக்காக நாமே போட்டுக்கொண்டவை. கணக்கீட்டில் இடை 40, நியம விலகல் 15. பொருளியலில் இடை 36, நியம விலகல் 14. வணிகக் கல்வியில் இடை 55, நியம விலகல் 20.

மேட்டு லயத்துப் பெண்பிள்ளை கணக்கீட்டில் 64, பொருளியலில் 57, வணிகக் கல்வியில் 60 எடுக்கிறாள். மூன்றும் சி. மொத்தம் 181. பணிய லயத்துப் பையன் கணக்கீட்டில் 49, பொருளியலில் 50, வணிகக் கல்வியில் 85 எடுக்கிறான். இரண்டு எஸ், ஓர் ஏ. மொத்தம் 184. எழுத்தைப் பார்த்தால் பையனிடம் ஓர் ஏ இருக்கிறது. மொத்தத்தைப் பார்த்தாலும் அவன்தான் மூன்று மார்க் கூட.

இப்போது கணக்கைப் போடுங்கள். பெண்பிள்ளைக்குக் கணக்கீட்டில் 64இலிருந்து 40 போக 24. அதை 15ஆல் பிரித்தால் 1.6. பொருளியலில் 21ஐ 14ஆல் பிரித்தால் 1.5. வணிகக் கல்வியில் 5ஐ 20ஆல் பிரித்தால் 0.25. கூட்டினால் 3.35, மூன்றால் பிரித்தால் 1.1167. பையனுக்கு இதே மாதிரி 0.6, 1.0, 1.5. கூட்டினால் 3.1, மூன்றால் பிரித்தால் 1.0333. பெண்பிள்ளைதான் முன்னுக்கு நிற்கிறாள். வரிசையில் இந்தச் சின்ன வித்தியாசத்துக்குள் பல பேர் நிற்பார்கள். அதனால்தான் நான்கு தானம் வரைக்கும் எழுதுகிறார்கள்.

நம்பருக்கு முன்னால் கழித்தல் அடையாளம் வந்தால் சில வீடுகளில் பிள்ளை பெயில் என்று அழுகிறார்கள். அப்படியில்லை. பிள்ளையின் மார்க் நாட்டுச் சராசரிக்குக் கீழே என்பதுதான் அதன் பொருள். மூன்று பாடமும் எஸ் எடுத்துச் சித்தியடைந்த பிள்ளைக்கும் கழித்தல் வரலாம். சரியாகச் சராசரியில் நிற்கும் பிள்ளைக்குப் பூச்சியம் வரும்.

இந்த முறை 2001ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் மார்க்குகளை அப்படியே கூட்டி வரிசைப்படுத்தினார்கள். 2000ஆம் ஆண்டில் நான்கு பாடங்கள் மூன்றாகக் குறைக்கப்பட்ட பிறகு, வெவ்வேறு பாடங்களின் மார்க்குகளை ஒரே தராசில் போடுவது நியாயமில்லை என்ற பேச்சு வலுத்தது. இஸட் புள்ளியைக் கொண்டுவருவதில் முன்னின்றவர்களில் ஒருவர் பேராதனைப் பல்கலைக்கழக விவசாய பீடத்துப் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில்.

வயதான சிலர் இதைக் கேட்டதும், "அந்தக் காலத்துத் தரப்படுத்தல் மறுபடி வந்திருச்சா?" என்று கேட்கிறார்கள். கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் பொறியியல் பீடத்துக்குத் தமிழ் மொழிமூலம் எழுதியவருக்கு 250 புள்ளியும் சிங்கள மொழிமூலம் எழுதியவருக்கு 227 புள்ளியும் என்று வெவ்வேறு எல்லை வைக்கப்பட்டது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இதனால் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். தோட்டத்தில் அப்போது உயர்தரம் வரை போன பிள்ளைகளே மிகக் குறைவு. ஐந்தாம் வகுப்போடு நின்ற தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதே எழுபதுகளில்தான். இஸட் புள்ளி அந்தத் தரப்படுத்தல் அல்ல. ஒரு பாடத்தைச் சிங்களத்தில் எழுதியவர், தமிழில் எழுதியவர், ஆங்கிலத்தில் எழுதியவர் எல்லோரையும் ஒன்றாக வைத்துத்தான் இடை எடுக்கிறார்கள். மொழியைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பது கிடையாது.

அதற்காக இதில் தவறே நடக்காது என்று சொல்ல வரவில்லை. 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையைப் பழைய பாடத்திட்டத்தில் ஒரு கூட்டமும் புதிய பாடத்திட்டத்தில் ஒரு கூட்டமும் எழுதியது. இரண்டும் வேறு வேறு வினாத்தாள்கள். இரண்டு மலைக் கொழுந்தை ஒரே கணக்கில் போட்டதைப் போல இரண்டு கூட்டத்தையும் கலந்து இஸட் புள்ளி போட்டார்கள். பிள்ளைகளும் பெற்றோரும் வழக்குக்குப் போனார்கள். 2012 ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் அந்தக் கணக்கை ஒதுக்கிவிட்டு, இரண்டு கூட்டத்துக்கும் வேறு வேறாகப் போடும்படி சொன்னது. வழக்குப் போடாதிருந்தால் அது அப்படியே போயிருக்கும்.

எமக்கு இன்னொரு குறையும் தெரிகிறது. இந்தக் கணக்கு ஒவ்வொரு பாடத்தையும் எழுதும் கூட்டம் ஒரே அளவு கெட்டிக்காரக் கூட்டம் என்று எடுத்துக்கொள்கிறது. கெட்டிக்காரர்கள் மட்டுமே எடுக்கும் பாடம் ஒன்றில் இடைக்கு மேலே ஏறுவது கஷ்டம். ஆகையால் "லேசான பாடம் எடுத்தா மார்க் கூடும்" என்று சொல்பவர் பேச்சையும் நம்பவேண்டாம், "கஷ்டமான பாடம் எடுத்தா இஸட் கூடும்" என்று சொல்பவர் பேச்சையும் நம்பவேண்டாம். லேசான பாடத்தில் எல்லோருக்கும் மார்க் கூடும், இடையும் மேலே போய்விடும். பிள்ளைக்கு எது ஓடுகிறதோ, எதற்குப் பாடசாலையில் ஆசிரியர் இருக்கிறாரோ, அதை எடுப்பதுதான் சரி. இரண்டாவது சொன்னது மலையகத்தில் சின்ன விஷயமில்லை. தமிழ் மொழிமூலம் விஞ்ஞானமும் கணிதமும் உயர்தரத்தில் படிப்பிக்கும் பாடசாலைகள் எங்கள் பக்கம் இன்னும் எண்ணிச் சொல்லக்கூடிய அளவில்தான் உள்ளன.

இனி மாவட்டக் கதை. பெற்றோர் அதிகமாகத் தவறு விடும் இடம் இதுதான்.

மருத்துவம், பொறியியல், முகாமைத்துவம் போன்ற பெரும்பாலான பாடநெறிகளில் இடங்களை மூன்றாகப் பிரிக்கிறார்கள். 1000 இடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 40 வீதமான 400 இடங்கள் நாடு முழுவதற்கும் ஒரே வரிசை, திறமை மட்டும். 55 வீதமான 550 இடங்கள் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைக்கு ஏற்பப் பகிரப்படும். மிச்சம் 5 வீதம், அதாவது 50 இடங்கள், கல்வியில் பின்தங்கியவை என்று ஒதுக்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கும். நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி ஆகியவை அந்தப் பதினாறில் உண்டு. கண்டி, மாத்தளை, கேகாலை இல்லை. சில பாடநெறிகளுக்கு மாவட்டப் பங்கே கிடையாது, முழுக்க நாடளாவிய வரிசைதான். எது எப்படி என்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் ஒவ்வொரு வருடமும் இருக்கும்.

ஒரு மாவட்டத்தில் ஒரு பாடநெறிக்குக் கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் இஸட் புள்ளிதான் வெட்டுப்புள்ளி. பஸ்ஸில் கடைசியாக ஏறியவர் யார் என்பது பஸ் புறப்பட்ட பிறகுதானே தெரியும். அதைப்போல இதுவும் முன்கூட்டியே வைக்கும் எல்லை அல்ல. எல்லோரையும் எடுத்து முடித்த பிறகுதான் தெரியவரும். போன வருட வெட்டுப்புள்ளியை வைத்து இந்த வருடம் கிடைக்காது என்று முடிவு கட்டுவது சரியில்லை.

எந்த மாவட்டம் என்பதை அடையாள அட்டையைப் பார்த்தோ அப்பாவின் தோட்டத்தைப் பார்த்தோ முடிவு செய்வதில்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்களில் கூடிய காலம் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தார்கள் என்பதைத்தான் பார்க்கிறார்கள். இது தெரியாமல் சாதாரணதரம் முடிந்ததும் நல்ல டியூசன் இருக்கிறது என்று பிள்ளையைக் கண்டிக்கோ கொழும்புக்கோ கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். சித்தப்பா வீட்டில் தங்க இடமும் இருக்கும். பிள்ளையும் நன்றாகத்தான் படிக்கும். விண்ணப்பம் போடும்போதுதான் தெரியும், பிள்ளை இனி நுவரெலியா மாவட்டத்துப் பிள்ளை இல்லை என்று. எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் சீட்டுக் காசு எடுத்து, நகை அடகு வைத்து ஒரு மகனை அப்படி அனுப்பியது. அவனுடைய நம்பர் நுவரெலியா வரிசையில் இருந்திருந்தால் தாராளமாகப் போதும். போய்ச் சேர்ந்த மாவட்டத்து வரிசையில் போதவில்லை.

அனுப்பவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பக்கத்தில் விஞ்ஞான ஆசிரியர் இல்லாத இடத்தில் வேறு என்ன செய்வது? அனுப்புவதற்கு முன் இதையும் கணக்கில் எடுங்கள் என்றுதான் சொல்கிறோம். மாவட்டத்துக்குள்ளேயே ஹட்டன், நுவரெலியா என்று பாடசாலை பார்க்க முடியுமானால் முதலில் அதைப் பாருங்கள்.

மறுபக்கத்தில், வெளி மாவட்டத்துப் பிள்ளைகள் நமது மாவட்டங்களுக்கு வந்து பரீட்சை எழுதி அந்தப் பங்கை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்ற மனக்குறையும் இங்கே நெடுநாளாக உண்டு. மூன்று வருட விதி அதைத் தடுக்கத்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாவட்டப் பங்குக்குள் தோட்டம், டவுன் என்ற பிரிவு இல்லை. டவுன் பாடசாலையில் எல்லா வசதியோடும் படித்த பிள்ளையும், லயத்துக் காம்பராவில் தம்பி தங்கச்சி தூங்கிய பிறகு படித்த பிள்ளையும் அங்கே ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். இது எமக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் இன்றைக்கு உள்ள விதி அதுதான்.

விண்ணப்பிக்கத் தகுதி என்ன என்றும் கேட்கிறார்கள். மூன்று பாடமும் ஒரே தடவையில் குறைந்தது எஸ் எடுத்திருக்க வேண்டும். பொதுச் சாதாரண பரீட்சையில் 30 மார்க்காவது வேண்டும். இந்தப் பரீட்சையைப் பிள்ளைகள் கவனிப்பதே இல்லை, "அது சும்மா பேப்பர்" என்பார்கள். அதன் மார்க் இஸட் புள்ளியில் சேராது என்பது உண்மை. ஆனால் 30க்குக் கீழே போனால் எவ்வளவு நல்ல இஸட் புள்ளி இருந்தாலும் பயனில்லை. மூன்று தடவைக்கு மேல் பரீட்சை எழுதிப் போக முடியாது என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

விண்ணப்பத்தில் பாடநெறிகளை எழுதும் ஒழுங்கு முக்கியம். மேலே எழுதியதிலிருந்து கீழே பார்த்துக்கொண்டு போய், நம்பர் போதுமான முதல் இடத்தைத் தருகிறார்கள். ஆகவே பிள்ளை உண்மையாக விரும்புவதையே முதலில் எழுத வேண்டும். "அது கெடைக்காது, லேசானத மேல போடு" என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதைக் கேட்டு மாற்றி எழுதினால், விரும்பியதற்குப் போதுமான நம்பர் இருந்தும் லேசானதில்தான் போய் நிற்க நேரும். கிடைக்காததை மேலே எழுதியதற்காகக் கீழே உள்ளது கைவிட்டுப் போவதில்லை.

பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைக்கும் இந்த நம்பர் உதவும். தேசிய கல்வியியற் கல்லூரிகளுக்கு ஆசிரிய மாணவர்களை எடுக்கும்போதும் இஸட் புள்ளியைப் பார்க்கிறார்கள். பத்தனையில் உள்ள ஸ்ரீபாத கல்லூரியில் படித்து வந்தவர்கள் இன்று எங்கள் தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கிறார்கள். அதற்கு வேறாக விண்ணப்பம் கோருவார்கள், அந்தத் திகதியையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் இப்போது இணையத்தில்தான் போட வேண்டும். பெறுபேறு வந்து கைநூல் வெளியானதும் சில வாரம்தான் அவகாசம். அந்த நாட்களில் பிறப்புச் சான்றிதழைத் தேடிக்கொண்டு திரிய முடியாது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலையில் ஒரு பெயர், அடையாள அட்டையில் அப்பாவின் முதலெழுத்து வேறு என்று எங்கள் குடும்பங்களில் அநேகமாக இருக்கிறது. இதைப் பிள்ளை உயர்தரம் முதல் வருடம் படிக்கும்போதே பார்த்துத் திருத்திவிட வேண்டும். படித்த பாடசாலைகளில் எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை இருந்தார் என்று அதிபர் கையெழுத்தோடு கடிதமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெறுபேறு வந்த கிழமை முழுவதும் எமது காரியாலயம் பெரட்டு முடிந்த நேரத்திலிருந்து திறந்திருக்கும். கொழுந்து நிறுவை முடித்து அந்தியில் வருபவர்களுக்காகவும் ஒருவர் இருப்பார். வரும்போது பெறுபேற்றுத் தாள், பிறப்புச் சான்றிதழ், பாடசாலைக் கடிதம் மூன்றையும் கொண்டுவாருங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், எந்தப் பாடநெறி வேண்டும் என்று அவர்கள் வாயால் சொல்ல வேண்டும்.